எழுபத்துநாலில் நாலு போக

மார்ச் 3

அன்புள்ள மகனுக்கு,

எனக்கு என் வயதே மறந்துவிட்டது என்று உன் அக்கா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வருகிறாள். அது தவறு.

டாக்டர் என்னிடம், குழந்தையிடம் கேட்பதுபோல, "என்ன வயசும்மா ஆச்சு?" என்றார். "எழுபது. அதுல ஒரு விசேஷம் இருக்கு, தெரியுமா?" என்றேன். தெரியாது என்றார், சொன்னேன். பாதியில் உள்ளே வந்த உன் அக்கா, "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, ஏழு" என்பதை மட்டும் கேட்டுவிட்டு, "ஐயோ, அம்மா!" என்று கைக்குட்டையை எடுத்துவிட்டாள்.

எழுபதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள், எழுபதை விட்டுவிட்டால், ஏழு: 1, 2, 5, 7, 10, 14, 35. மொத்தம் கூட்டினால் எழுபதைத் தாண்டி எழுபத்துநாலு. ஆனால் அவற்றில் எவற்றைப் பொறுக்கிச் சேர்த்தாலும் சரியாக எழுபது வராது. இதற்கு விசித்திர எண் என்று பெயர். எழுபதுக்குக் கீழே இப்படி ஒன்றுகூடக் கிடையாது.

உன் அப்பா அறுபத்தொன்பதில் நின்றுவிட்டார். இந்தப் பிறந்தநாளுக்காக நான் காத்திருந்தேன்.

குழாய் சொட்டியது. வாஷரை நானே மாற்றினேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

மார்ச் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபப்படாதீர்கள். நீங்கள் தனியாக இருப்பது இனிச் சரிவராது. நாங்கள் எல்லோரும் பேசி, முதியோர் இல்லத்தில் ஜன்னலோரம் ஓர் அறை சொல்லி வைத்திருக்கிறோம். படிவம் இணைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடுங்கள்.

இன்னொன்று. உங்கள் கணக்கும் தப்பு அம்மா. 35, 14, 10, 7, 2, 1. கூட்டிப் பாருங்கள், எழுபது வருகிறது. இதனால்தான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மகன்

மார்ச் 15

அன்புள்ள மகனுக்கு,

படிவம் கிடைத்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் உபயோகப்பட்டது. உன் கூட்டலை அதில்தான் போட்டு அனுப்பியிருக்கிறேன். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர், வழிமுறை காட்டாத விடைக்கு சைபர்தான் போடுவார். ஆகவே வழிமுறையோடு: 35, 49, 59, 66, 68, 69.

அறுபத்தொன்பது, மகனே. ஒன்று குறைகிறது.

தேடவே வேண்டாம். எழுபத்துநாலிலிருந்து நாலை எடுத்தாக வேண்டும். ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று. அடுத்தது ஐந்து. நாலுக்கு எங்கே போவாய்?

பாலம் கட்டுகிறவன் நீ. பக்கத்து வீட்டுத் தையல்காரி உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "பாலத்து மேல போறவங்களை நெனச்சாத்தான் பயமா இருக்கும்மா" என்றாள். ஒரு கூட்டல் பிசகியதற்காக உன்னை நான் எந்த இல்லத்திலும் சேர்க்கவில்லை. முப்பது வருடம் அச்சகத்தில் கணக்குப் புத்தகங்களின் விடைப்பக்கத்தைச் சரிபார்த்தவள் நான். பிசகு மனிதருக்கு வரும். சரிபார்க்காமல் அனுப்புவதுதான் குற்றம்.

நீ, அக்கா, மருமகள், மாப்பிள்ளை, பேரக்குழந்தைகள் மூவர். நீங்களும் ஏழு பேர்தான். கூடி முடிவெடுத்துவிட்டீர்கள். என் கையெழுத்து மட்டும் உங்கள் எவரிடமும் இல்லை. அது படிவத்திலும் வராது.

அடுத்த வருடம் எனக்கு எழுபத்தொன்று. அது பகா எண், எவராலும் வகுக்க முடியாது. அதையும் இந்த வீட்டிலேயே பார்க்கப் போகிறேன்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். கூட்டலைத் திருத்தி, அறை வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, இரண்டையும் உன் கையால் எழுதித் தபாலில் பதில் அனுப்பு.

அம்மா