வாலை விட்டுப் போட்ட கணக்கு

பிப்ரவரி 3

என் அருமை மருமகளுக்கு, மூன்று உலகையும் முதுகில் சுமந்து களைத்த உன் தாய்மாமன் எழுதுவது.

கணினி முன் உட்கார்ந்தே என் இடுப்பு நாற்காலியோடு ஒட்டிவிட்டது. இரண்டையும் சேர்த்துத்தான் அடக்கம் செய்ய வேண்டும். ஆனால் நமது மூலக்கூறு பிறந்துவிட்டது! கரி அணுக்களை ஆறாறாக வளையம் கோத்தால் தட்டையாகக் கிடக்கும். நடுவில் ஐந்தணு வளையம் ஒன்றைச் செருகினேன், கிண்ணமாகக் குழிந்தது. கிண்ணத்துக்குள் கிண்ணம் அடுக்காக நிற்கும், மின்சாரம் சறுக்கிக்கொண்டு ஓடும். பாய்போல் சுருட்டி வைக்கும் மின்திரை செய்பவர்களெல்லாம் உன் காலில் விழுவார்கள். வரைந்தது நான், ஆய்வகத்தில் செய்வது நீ. பதினோரு படிதான்.

கரிச் சக்கரவர்த்தி மாமா

ஜூலை 18

அன்புள்ள மாமா,

ஒன்பதாம் படி மூன்றாவது தடவையாகக் கெட்டுப்போனது. குடுவையில் தார்தான் மிச்சம். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் கரைப்பான் வாடை போகவில்லை. அடுத்த வியாழன் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. அந்த வாரமே மறுபடி செய்தாக வேண்டும். தவறினால் டிசம்பருக்குள் முடியாது, என் வேலையை நீட்டிக்க மாட்டார்கள். எனக்குப் பதிலாக அம்மாவோடு நீங்கள் இருங்கள்.

உங்கள் மருமகள்

ஜூலை 30

மருமகளே,

உன் அம்மா பிழைத்தாள். "கத்தியைக் கழுவினீங்களா டாக்டர்?" என்று அவள் கேட்டதில் அவர்தான் மயங்கி விழப் பார்த்தார். மூன்று நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் தவமிருந்தேன். கொசுக்கள் என் ரத்தத்தில் நீச்சல் பழகின. நீ ஏன் வரவில்லை என்று கேட்டாள். ஒன்பதாம் படி உன்னை விடவில்லை என்றேன். "அப்படி என்னடா படி, வானத்துக்கா போகுது?" என்றாள்.

வேறொன்று எழுத இருந்தது. அப்புறம் பார்க்கலாம்.

மாமா

நவம்பர் 21

மாமா,

பதினோரு படியும் முடிந்தது. கண்ணாடித் தகட்டில் பூசினேன். மின்சாரம் ஓடவில்லை. படிகத்தை எக்ஸ் கதிரில் பார்த்தோம். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் பக்கத்து மூலக்கூறின் வால் நுழைந்து கிடக்கிறது. எளிதில் கரையட்டும் என்று நாம் ஓரத்தில் ஒட்டிய நீளமான கரிச் சங்கிலிகள்தான் அந்த வால்கள். உங்கள் கணக்கில் இது எப்படித் தெரியாமல் போனது? அடுத்த வெள்ளியன்று ஆய்வுக் குழுவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

மருமகள்

நவம்பர் 23

மருமகளே,

வால்களை வெட்டிவிட்டுத்தான் கணக்குப் போட்டேன். வாலோடு என்றால் கணினிக்கு ஆறு வாரம். இல்லாவிட்டால் இரண்டு நாள். எல்லோரும் செய்வதுதானே என்று இருந்துவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் வாலோடு ஓடவிட்டேன். உன் ஜூலைக் கடிதம் வந்த அன்றுதான் முடிவும் வந்தது. நீ இப்போது பார்த்ததையே அன்று பார்த்தேன். நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு ஜம்பம் அடித்துவிட்டேன்.

குழுவிடம் என் பெயரைச் சொல்.

மாமா

டிசம்பர் 9

மாமா,

குழுவுக்கு, வடிவம் தவறு என்று மட்டும் எழுதினேன். யார் வரைந்தது என்று எழுதவில்லை. வேலை நீட்டிப்புக் கிடைக்கவில்லை. கணக்குத் தப்புவது யாருக்கும் நடக்கும். ஆனால் ஜூலையில் நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே அம்மாவிடம் ரயில் ஏறியிருப்பேன்.

குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போகிறேன். "மாமாவையும் வரச் சொல்லுடி, அவன் இருந்தா வலியே தெரியாது" என்று போனில் சொன்னாள். சரி என்றேன்.

நீங்கள் வர வேண்டாம், மாமா.