உன் ஊரைவிட்டு ஆமி போன மே மாதம்

இங்கே ரொக்ஸ்பரோ ரயில் ஸ்டேசனுக்கு அருகில் புதிதாக ஒரு பேக்கரி திறந்திருக்கிறார்கள். நேற்று அதைக் கடக்கும்போது, காய்ந்த இலையும் எள்ளும் தூவிச் சுடும் உங்கள் லெபனான் ரொட்டியின் மணம் வந்தது. நீ இறந்து ஒரு வருடமாகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். தமிழில்தான். நமக்கிடையே இருந்த, தொழிற்சாலையில் பழகிய அரைகுறைப் பிரெஞ்சில் இதைச் சொல்ல எனக்கு வராது.

குளிர்க்கோட்டுத் தொழிற்சாலையில் நீ கொலர் தைப்பாய், பக்கத்து மெசினில் நான் கோட்டுக் கை தைப்பேன். இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், உன் ஊர் இருக்கும் தெற்கு லெபனானைவிட்டு இஸ்ரேல் இராணுவம் போய்விட்டதென்று வானொலி சொன்னது. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு. நீ மேசையில் தலையை வைத்து அழுதாய். மறுநாள் தட்டு நிறைய இனிப்புக் கொண்டுவந்தாய். நான் ஒன்றை எடுத்து, தின்னாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

"அவளுக்கு ஊர் கிடைச்சால் நீ ஏன் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியிறாய்?" என்று வீட்டில் என் மனுசன் கேட்டார்.

என் ஊர் இலங்கையின் வடகரையில் இருக்கும் மயிலிட்டி. தொண்ணூறாம் ஆண்டு இந்திய இராணுவம் கப்பலேறியபோது நாங்களும் மகிழ்ந்தோம். மூன்றே மாதத்தில் அடுத்த போர் மூண்டது, ஊரோடு ஓடினோம். என் வீடும் ஐயாவின் கல்லறையும் இன்றும் இலங்கை இராணுவத்தின் முள்வேலிக்குள். இதையெல்லாம் உனக்குச் சொல்லி, "ஒரு ஆமி போனால் அந்த இடம் சும்மா கிடவாது. உங்களுக்கும் அடுத்த போர் வரும்," என்றேன். எச்சரிக்கை போலச் சொன்னேன். உள்ளே இருந்தது பொறாமை.

நீ கோபிக்கவில்லை. உன் தம்பி இஸ்ரேல் இராணுவத்திடம் சம்பளம் வாங்கியவன் என்றும், அவர்களோடு எல்லை தாண்டி ஓடிவிட்டான் என்றும், இனி ஊருக்கு வரவே முடியாதென்றும் மெல்லச் சொன்னாய். அதைக் கேட்டபோது எனக்குள் சின்னதாய் ஓர் ஆறுதல் வந்தது. மன்னித்துக்கொள்.

ஒவ்வொரு கோடையும் ஊருக்குப் போனாய். ஏழாவது கோடையில் மறுபடி போர். ஆட்களை மீட்டு வந்த கப்பலில் ஏறித் தப்பிவந்து, கூரை போன வீட்டின் படத்தைக் காட்டினாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"நீ சொன்னது சரி," என்றாய். "ஆனால் ஆறு கோடை என்ரை வீட்டில படுத்தெழும்பினன்."

அந்த ஆறு கோடைக்கும் பொறாமைப்பட்டேன்.

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனபோது, உன் மகன் உடலை ஊருக்கே எடுத்துப்போய் உன் தாயின் அருகில் புதைத்தான். திரும்பி வந்து போனில் சொன்னவனிடம், நல்ல காரியம் செய்தாய் என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். பாதி அழுகை உனக்காக. மீதி, எனக்கு அப்படி ஓர் இடம் இல்லையே என்று. உனக்கான அழுகை மெல்ல அடங்கிவிட்டது. மற்றது அப்படியே இருக்கிறது.