ஆணியிலிருந்து இறங்கிய பலகை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் உன்னிடம் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. அதனால்தான் கடிதம். எழுதிக் கிழித்து, மறுபடியும் எழுதுகிறேன். கோபம் வந்தால் என் கையெழுத்து கோணும், பொறுத்துக்கொள்.

நேற்று நீ பேசியபோது உன் மனைவி போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். "பலகையைக் குடுத்துட்டு மன்னிப்புக் கேளு. ரூல்னா ரூல்தான். நானும் இங்க ஒரு கம்பெனியில சூப்பர்வைசர், எனக்குத் தெரியாதா?" என்று கத்தினாய். அவள் போனை வைத்துவிட்டாள். அவள் சொல்லாததை நான் சொல்கிறேன்.

காலையில் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைப்பது என் வேலை. மாலையில் அது நிரம்பியபடியே திரும்பி வரும். அவள் வேலை பார்க்கும் தையல் ஆலையில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது போலும் என்று பூந்தொட்டியில் ஊற்றிவிடுவேன். போன மாதம் காய்ச்சலில் நடுங்கியவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சிறுநீரகத்தில் கிருமித் தொற்று. "தண்ணி குடிச்சா என்னம்மா கேடு?" என்று டாக்டர் கடிந்துகொண்டார். "குடிச்சா போகணுமே டாக்டர்" என்றாள்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. ஒரு வரிசை மெஷின்களுக்கு ஒரே ஒரு மரப்பலகை. சுவர் ஆணியிலிருந்து அதை எடுத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகலாம். போனவள் வந்து மாட்டும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். பெண்கள் அதற்கு 'விசா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிரிக்காவிட்டால் அங்கே எப்படி உட்கார முடியும்?

பக்கத்து மெஷினில் நிறைமாதக்காரி ஒருத்தி. போன வாரம் ஒருநாள் அவள் விசாவுக்குக் கை நீட்டியதும், "இப்பத்தானே போயிட்டு வந்தே? உள்ள இருக்கிறதுக்கும் சேத்து ரெண்டு தடவையா?" என்றானாம் அவர்களுடைய சூப்பர்வைசர். சிலர் சிரித்தார்களாம். அவள் உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் நாற்காலி நனைந்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டையாலேயே முகத்தை மூடிக்கொண்டாளாம்.

உன் மனைவி எழுந்து, அவள் இடுப்பில் தன் சால்வையைச் சுற்றி, கைப்பிடித்துக் கூட்டிப்போனாள். போகிற போக்கில் பலகையைக் கழற்றித் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். "இனிமே எவளும் இதுக்குக் காத்திருக்காதீங்கடி, எழுந்து போங்க" என்றாளாம். போனார்கள். இன்றுவரை போகிறார்கள். இவளை மட்டும் வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அந்தச் சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தான். "பெரியவரே, நீங்க படிச்சவரு. பலகையைக் குடுத்துட்டு எல்லார் முன்னாடியும் ஒரு சாரி சொன்னா போதும்னு மருமகளுக்குப் புத்தி சொல்லுங்க" என்றான். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். ஆனாலும், "பலகை என் மேசை டிராயர்ல இருக்கு. தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். "மாமா, டீ ஆறுது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அதில் சிரிப்பு இருந்தது. நான் செய்தது சரியா என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். சரிதான்.

இப்போது அவள் வீட்டுப் பழைய மெஷினுக்கு எண்ணெய் விட்டு, தெருக்காரர்களின் கிழிசல்களைத் தைக்கிறாள். பாட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. மதியத்துக்குள் காலியாகிவிடுகிறது.

நீ சூப்பர்வைசர் ஆனபோது தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். உன் கீழே வேலை செய்யும் பெண்களைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்கிறேன். உன் சுவரிலும் ஆணி இருக்கிறதா? "எனக்குத் தெரியாதா" என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தால், அதில் தொங்குவதை முதலில் கழற்று. அதற்குப் பிறகு உன் மனைவியைக் கூப்பிடு. அதுவரை இங்கே யாரும் போனை எடுக்க மாட்டோம்.

வேளைக்குச் சாப்பிடு. தண்ணீர் நிறையக் குடி. உன்னை யாரும் தடுக்கப்போவதில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்றே இன்னமும் வேண்டிக்கொள்ளும்,
அப்பா