கிணற்றடியில் நான் சொன்ன பொய்

இன்று காலை உன் காணியிலிருந்து புகை வந்தது. உன் மனைவி கூலிக்கு ஆள் பிடித்து, இந்தப் போகத்துப் புகையிலையைக் குடிலில் தூக்கிக் கட்டிப் புகை போடத் தொடங்கிவிட்டாள். தேங்காய்ப் பொச்சுமட்டை எரிகிற மணமும் இலை வாடுகிற மணமும் சேர்ந்து வேலியைத் தாண்டி வந்தபோது என் கை தானாக மடிக்குப் போனது. மடியில் சுருட்டு இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாக ஒன்றும் இல்லை. ஆனாலும் கை போகிறது. பிறகு அரை மணித்தியாலம் என் மனிசியோடு சண்டை பிடித்தேன். தேத்தண்ணீரில் சீனி கூடிவிட்டது என்றேன். சீனி சரியாகத்தான் இருந்தது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தண்ணீர் இறைக்கிற மிசினைக் கழற்றிப் பூட்டிப் படித்த மாதிரித்தான், பழைய பேப்பர்களை வைத்து எழுத வாசிக்கவும் படித்தேன். என் பக்கம் பிழை என்று யாரிடமும் ஒப்புக்கொண்டும் பழக்கமில்லை. அது உன்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் இதை எழுதாமல் விட ஏலவில்லை.

கிளினிக்குக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் போனது உனக்கு நினைவிருக்கும். உனக்கு நெஞ்சு நோ, எனக்கு இருமல். அந்த டொக்டருக்கு என் மகளைவிட வயது குறைவு. சுருட்டை விடாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னா. எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"பிள்ளை, நாங்கள் புகையிலை நடுற ஆக்கள். எங்களைப் போய் விடச் சொல்லுறீர்" என்றேன்.

"நடுங்கோ ஐயா. சுருட்டுப் பத்தாதேங்கோ" என்றா அவ.

நீ சிரித்துவிட்டாய். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது மருதனார்மடச் சந்தியில் தேத்தண்ணீர் குடிக்க நின்றோம். வழக்கமாக அந்த இடத்தில் ஆளுக்கொரு சுருட்டுப் பற்றுவோம். நீ உன் சுருட்டை எடுத்து, பார்த்து, திரும்ப மடியில் செருகினாய்.

"மச்சான், ஒண்டாய் விடுவம். தனிய எண்டால் எனக்கு ஏலாது" என்றாய்.

நான் பேசாமல் இருந்தேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய்.

உன் மனைவிதான் சத்தியம் கேட்டாள். "உங்கடை வாய்ச்சொல்லை நான் எத்தினை தரம் கேட்டிட்டன். வைரவருக்கு முன்னாலை செய்யுங்கோ" என்று கற்பூரத்தோடு கிணற்றடிக்கு வந்தாள். எங்கள் பங்குக் கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற சூலத்துக்கு முன்னால், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து நூர்த்தோம். முதலில் நீ, பிறகு நான். எங்கள் பக்கத்தில் காணிச் சண்டையே அதோடு முடிந்துவிடும். கற்பூரம் நூர்த்தவனிடம் பிறகு ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. நான் சாமி, பேய் என்று பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு என் உள்ளங்கை சுட்டது.

முதல் கிழமையை நான் எப்படிக் கடத்தினேன் என்று என் வீட்டைக் கேட்டால் சொல்லுவார்கள். கதவு சாத்துகிற சத்தம் பிடிக்கவில்லை. சோறு பிடிக்கவில்லை. மகள் வெளிநாட்டிலிருந்து ஃபோன் எடுத்து "அப்பா, எப்பிடி?" என்று கேட்டதற்கு, "செத்துப்போனன், வை" என்று சொல்லி வெட்டினேன். உனக்கும் அதே கஷ்டம்தான். ஆனால் நீ பனங்கட்டித் துண்டொன்றை வாயில் போட்டுக்கொண்டு வரம்பு வழியே நடப்பாய்.

"பத்து நிமிசம், மச்சான். ஆசை வந்தால் பத்து நிமிசம் வேறை ஏதும் செய். அது தன்ரை பாட்டிலை போயிடும்."

உனக்குப் போனது. எனக்குப் போகவில்லை.

ஒன்பதாம் நாள், வெயில் ஏறுகிற நேரம், என் குடிலுக்குப் பின்னால் நின்று பற்றினேன். கூரைக் கிடுகு இடுக்கில் ஒரு சுருட்டை முன்பே ஒளித்து வைத்திருந்தேன். அதாவது, கற்பூரம் நூர்க்கிற அன்றைக்கே எனக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. பாதி பற்றி, மண்ணில் குத்தி, வாயில் கராம்பு நாலைந்தை அள்ளிப் போட்டுச் சப்பிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தேன். நீ பாத்தியில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றாய்.

"என்ன மச்சான், கராம்பு மணக்குது? பல்லுக் கொதியோ?"

"ஓம்."

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு குனிந்து தண்ணீரை மற்றப் பாத்திக்குத் திருப்பினாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எனக்குப் பல்லுக் கொதி. நீ ஒருநாளும் இரண்டாந்தரம் கேட்கவில்லை.

இனி நான் எழுத வந்த இடம். அன்றைக்கு முறை மாறுகிற நேரம். என் இறைப்பு முடிந்து உன்னுடையது தொடங்க வேண்டும். பங்குக்காரர் நாலு பேர் கிணற்றடியில் நின்றார்கள். நீ குடிலுக்குப் புகை போட்டுவிட்டு நேரே வந்தாய். கண் சிவந்து, உடுத்திருந்த சாறமெல்லாம் புகை மணம். எனக்குக் காலையிலிருந்து சுருட்டு இல்லை. என் மனிசி வீட்டை விட்டு அசையாததால் களவாகப் பற்ற வழி இருக்கவில்லை. வந்த நீ சொன்னது இவ்வளவுதான்:

"மச்சான், உன்ரை வரம்பு உடைஞ்சு தண்ணி ஒழுங்கைக்குப் போகுது. பாக்கேல்லையோ?"

உண்மையில் நான் பார்க்கவில்லை. அந்த நாலு பேரும் திரும்பி என் வரம்பையும் ஒழுங்கைப் பாதையில் ஓடுகிற தண்ணீரையும் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

"வைரவருக்கு முன்னாலை கற்பூரம் நூர்த்துப்போட்டுக் களவாய்ப் பத்திறவன் எனக்கு வரம்பு காட்ட வாறான்!" என்று கத்தினேன். "மணந்து பாருங்கோ உவனை! சாறத்திலை மணக்குது!"

புகையிலைக் குடிலிலிருந்து வருகிற எவன் மணக்கமாட்டான்? அந்த நாலு பேருக்கும் அது தெரியும். ஆனால் நான் உன் சிநேகிதன். நான் சொன்னால் பொய்யாக இருக்காது என்று நினைத்தார்கள். ஒருவன், "வைரவர் பாத்துக்கொண்டுதான் நிக்கிறார்" என்று சிரித்தான். உன் மனைவி தேத்தண்ணீர்ப் போத்தலோடு வரம்பில் நின்றதை நான் பிறகுதான் கண்டேன்.

நீ அவளையும் பார்த்தாய், என்னையும் பார்த்தாய். உன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"சரி மச்சான். நான் பத்தினன் எண்டே வை" என்றாய்.

உனக்குத் தெரிந்திருந்தது. கராம்பு மணந்த நாளிலிருந்தே தெரியும். ஒரு சொல் திருப்பிச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே நான் முடிந்திருப்பேன். ஏன் சொல்லவில்லை? என்னைக் காட்டிக்கொடுத்தால் நான் வீம்புக்கே பிறகு ஒருநாளும் விடமாட்டேன் என்று நினைத்தாயோ? கேட்பதற்கு நீ இல்லை.

உன் மனைவி போத்தலை வரம்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு நீ வந்து கதைப்பாய் என்று காத்திருந்தேன். எந்தச் சண்டையிலும் நீதான் முதலில் வருகிறவன். இந்தமுறை நீ வரவில்லை. "அங்கை அவ அவருக்குச் சோறு போடுறாவாம், கதை பேச்சு இல்லையாம். போய் ஒருக்காச் சொல்லுங்கோவன், நீங்கள் விசரிலை கத்தினது எண்டு" என்று என் மனிசி நச்சரித்தாள். நான் ஏன் போகவேண்டும் என்றேன். சுருட்டை விட்டதால் வந்த கோபம், டொக்டரைப் போய்க் கேள் என்றேன். சுருட்டை விடாமலே அந்தச் சாட்டுப்போக்கைச் சொன்னேன்.

ஒன்றரை மாதத்தில், மோட்டரைப் போடப் போன இடத்தில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முன்னரே முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் உன் மனைவி அழுததை நீ கேட்டிருக்கக்கூடாது. "பொய்ச் சத்தியம் பண்ணினியளே, வைரவர் கொண்டு போட்டாரே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் வேலிப் படலைக்கு வெளியே பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் போதும். வாய் திறக்கவில்லை. எட்டாம் நாள் படையலுக்கு, செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் வைக்கவேண்டுமே, அவள் என்னைத்தான் கேட்டாள்: "அண்ணை, கடைசியிலையும் அதைத்தானே விடேலாமல் போனவர். அவர் பத்திற சுருட்டு எது எண்டு உங்களுக்குத்தானே தெரியும்." நான் கடைக்குப் போய் ஒரு கட்டு வாங்கிவந்து கொடுத்தேன். உன் படத்துக்கு முன்னால், சோற்றுக்குப் பக்கத்தில், நீ விட்ட சுருட்டை என் கையால் வைத்தேன்.

அன்றைக்குத்தான் நான் விட்டேன். கிளினிக்கில் இப்போது மற்றவர்களுக்கு என்னைக் காட்டுகிறார்கள். "இந்த வயசிலை ஐயா விட்டிருக்கிறார், உங்களுக்கு என்ன?" என்கிறா அந்த டொக்டர். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மருந்தை வாங்கி வருகிறேன்.

போன மாதம் உன் ஆண்டுத் திவசம். இரண்டு நாள் முன்பு உன் மனைவி படலையில் வந்து நின்று, "அண்ணை, அந்தச் சுருட்டும் வேணும்" என்றாள். அந்த முறை கால் கடைக்குப் போகவில்லை. அவளைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, நான் நின்றபடியே சொன்னேன்.

"பிள்ளை, அவன் பத்தேல்லை. பத்தினது நான். அண்டைக்கு மணந்தது குடில் புகை."

அவள் அழவில்லை. கனநேரம் சீலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டு இருந்தாள்.

"ஒண்டரை மாதம், அண்ணை. அந்த மனிசன் 'ஒரு வாய் தண்ணி தாரும்' எண்டு கேட்டால் செம்பை வைச்சிட்டுப் போவன். ஏன் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை."

"அது என்ரை பிழை."

"ஓம். உங்கடை பிழைதான்."

அவள் மழுப்பவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. படலையடியில் திரும்பி நின்று, "எனக்குச் சொன்னது காணாது. கிணத்தடியிலை நாலு பேருக்கு முன்னாலை சொன்னனீங்கள். அங்கை சொல்லுங்கோ" என்றாள்.

திவசத்தன்று படையலில் சுருட்டு இருக்கவில்லை. மறுநாள் முறை மாறுகிற நேரம், பங்குக்காரர் நிற்கத்தக்கதாகக் கிணற்றடிக்குப் போனேன். மோட்டரை நிற்பாட்டச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன்: ஒளித்துவைத்த சுருட்டு, கராம்பு, பொய், எல்லாம்.

பிறகு அன்றைக்குச் சிரித்தானே, அவன் வந்து என் தோளில் கை வைத்தான்.

"அண்ணை, செத்த சிநேகிதனுக்காகப் பழியைத் தன்ரை தலையிலை போடுறதுக்குப் பெரிய மனசு வேணும்."

"டேய், நான் உண்மையைச் சொல்லுறன்!"

"விளங்குது அண்ணை, விளங்குது. அந்த மனிசியின்ரை ஆறுதலுக்குத்தானே. நாங்கள் ஒருத்தரும் மறுத்துக் கதைக்கமாட்டம்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரு கிழவர் கண்ணைக்கூடத் துடைத்தார். பொய்யைக் கத்தியபோது ஒரு நொடியில் நம்பினார்கள். உண்மையைச் சொன்னபோது என்னை நல்லவன் ஆக்கிவிட்டு மோட்டரைப் போட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் மண்வெட்டியை எறிந்தேன். "பாவம், சுருட்டை விட்டதிலை அண்ணைக்கு நரம்புத் தளர்ச்சி" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

முன்பு என் கோபத்துக்கெல்லாம் சுருட்டு இல்லாததைச் சாட்டினேன். சுருட்டு போய் ஒரு வருடம். கோபம் அப்படியே இருக்கிறது. அது என்னுடையதுதான் என்று இப்போது தெரிகிறது. நீ நாற்பது வருடம் அதோடு பழகியிருக்கிறாய்.

உன் மனைவியிடம் போய், நான் சொல்லியும் அவர்கள் நம்பவில்லை என்றேன். "நம்பும் மட்டும் சொல்லுங்கோ" என்று கதவைச் சாத்தினாள். அவள் சொன்னது நியாயம். ஆகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேத்தண்ணீர்க் கடையில் சொன்னேன். கோயில் மடத்தில் சொன்னேன். கிளினிக்கில் அந்த டொக்டரிடமும், என்னைக் காட்டுவதை நிற்பாட்டும், காட்ட வேண்டியவன் செத்துப்போனான் என்றேன். என்னைக் கண்டால் இப்போது சிலர் ஒழுங்கை மாறிப் போகிறார்கள்.

நேற்றுப் புகையிலை எடுக்க வியாபாரி வந்தான். வெளியூர் ஆள், உன்னைத் தெரியாது. இலையை விரித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, நிறுப்பமோ?" என்றான்.

"இரும் தம்பி" என்றேன். "அந்த வேலிக்கு அங்காலை ஒரு மனிசன் இருந்தவன். முதலிலை அவனைப் பற்றிச் சொல்லவேணும்."

அவன் தராசைக் கீழே வைத்துவிட்டு, வரம்பில் குந்தினான்.