எந்த வாசலின் இடது பக்கம்

அன்பு மகனுக்கு, அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. முழங்கால் முனகுவதைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகளும் குட்டியும் சுகம்தானே? குட்டிக்குச் சளி விட்டதா? தலையைத் துவட்டாமல் வெளியே விடாதீர்கள் என்று சொன்னால் மருமகள் சிரிப்பாள், சிரிக்கட்டும், நீ துவட்டு.

போன வாரம் உன் அத்தை வந்தாள். அவளை நம் இடுகாட்டுக்குக் கூட்டிப் போனேன், அதிலிருந்து என் தலை சுற்றுகிறது. உனக்குத்தான் தெரியுமே, அங்கே இடுப்பளவு புல்லும் முள்ளும், ஒரு மேட்டிலும் பெயர் கிடையாது. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் கல்லில் பெயர் கொத்திக் கொடுத்த குடும்பம், சொந்த ஆட்களுக்கு மட்டும் ஒரு எழுத்து வெட்டவில்லை. நம்ம ஆளை நமக்குத் தெரியாதா என்று உன் அப்பாவும் வீறாப்பாகச் சொல்வார். அவர் போன சமயம் நான் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன், அடக்கத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நடக்க ஆரம்பித்ததும் சித்தப்பாவிடம் இடம் கேட்டேன். வாசல்ல நுழைஞ்சா இடது பக்கம், சுவரோரம் அண்ணி என்றார். அப்படியே போய்ப் புல்லை வெட்டி, அந்த ஒரு மேட்டை மட்டும் ஆறு வருஷமாகத் துடைத்து வைத்திருக்கிறேன். உன் வேலை போனது, திரும்பக் கிடைத்தது, மருமகளோடு நீ முறைத்துக்கொண்டது, எல்லாவற்றையும் அங்கே உட்கார்ந்துதான் சொல்வேன்.

அத்தை அதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கம்மா இடத்த இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கியே, நீ நல்லா இருப்ப என்று அழுதாள். எனக்குப் பகீரென்றது. என் மாமியார் கடைசி வருஷங்களில் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அவரிடமா இத்தனை நாளும் குடும்ப ரகசியத்தை எல்லாம் கொட்டினேன்? வீட்டுக்கு வந்து சித்தப்பாவைப் பிடித்தேன். அவர் தலையைச் சொறிகிறார். அப்பா போன பிறகு, நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே, பக்கத்து நிலத்துக்காரர் வழியை அடைத்தாரே, அப்போது பழைய வாசலை மூடிவிட்டு நேர் எதிர்ச் சுவரில் புது வாசல் வைத்தது இவர்தான். பழைய வாசலுக்கு இடது என்றால் புது வாசலுக்கு வலது இல்லையா? எந்த வாசல நெனச்சுச் சொன்னேன்னு எனக்கே தெரியல அண்ணி என்கிறார். சரி, அத்தையாவது தெளிவாக இருக்கிறாளா என்றால், அவளும் இடது பக்கம் என்ற ஞாபகத்தில்தான் சொன்னாளாம். அவள் அம்மாவை அடக்கம் செய்தது பழைய வாசல் வழியாக, அந்த இடது இப்போது வலது. கேட்கக் கேட்க இருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். நேற்று எதிர்ப்பக்கத்து முள்ளை விலக்கிப் பார்த்தேன், அங்கேயும் அதே மாதிரி ஒரு மேடு. அதன் முன்னால் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சே வரவில்லை. பழகிய கால் பழைய மேட்டுக்கே போகிறது. அங்கே இருப்பது மாமியாராகவே இருந்தால், ஆறு வருஷம் குறுக்கே பேசாமல் கேட்டிருக்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லையடா.

எனக்கும் ஒரு நாள் வரும். உன் அப்பா பக்கத்தில்தான் என்னை வைக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். இடம் மாறிப்போனால் எழுந்து போய்ப் படுக்கவா முடியும்? அவர் உளியை எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். வீறாப்பு போதும், அவர் பெயரையும் என் பெயரையும் நீ வந்து வெட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள், இரவு முழுக்கக் கண் விழிக்காதே, மூவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் உடனே எழுது. எந்தப் பக்கம் என்று கேட்டால் நீயும் சித்தப்பா மாதிரி குழம்புவாய், அதனால் வேறு விதமாகக் கேட்கிறேன். அப்பாவை அடக்கம் செய்த அன்று சாயங்காலம் குழி முன்னால், சுவரைப் பார்த்தபடி, நீ கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றாய் என்று சித்தப்பா சொல்கிறார். வெயிலுக்காகவா, அழுகையை மறைக்கவா? வெயில் என்றால் அப்பா மேற்குச் சுவரோரம் இருக்கிறார், நான் இத்தனை நாளும் உட்கார்ந்தது கிழக்குச் சுவரோரம். நீ அழுததை ஒத்துக்கொள்கிறவன் இல்லை, இந்த ஒரு தடவை அம்மாவிடம் உண்மையைச் சொல்.

உன் பதிலுக்காக இரண்டு மேட்டுக்கும் நடுவில் நிற்கும்,
அம்மா