சூறாவளிச் சுந்தரத்தின் அம்மா

1963 செப்டம்பர் 1, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பத்திரிகை இன்றைக்கும் கருவாட்டைச் சுற்றிக்கொண்டுதான் வந்தது. நோர்வூட் கடைவீதியில் பொன்னையா அண்ணன் எனக்கென்று ஒன்றை எடுத்துத்தான் வைக்கிறார். கூட்டம் சேர்ந்துவிட்டால் கைக்கு அகப்பட்டதில் சாமானைச் சுற்றிவிடுகிறார். பிறகு யார் வீட்டுக் கருவாட்டில் வந்திருக்கிறது என்று தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் லயம் லயமாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

சூறாவளிச் சுந்தரம் படக்கதை வருகிற பக்கம் பாதிதான் இருந்தது. முகமூடியைப் போட்டுக்கொண்டு, எதிரி கருநாகனிடமிருந்து தப்ப, மலை உச்சியிலிருந்து குதிக்கிறான். விழுகிற இடத்தில் ஓட்டை. நான் வாசிப்பதைக் கேட்க வாசலில் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன செய்ய? அவன் அம்மா மீனாட்சி கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டாள் என்று வாசித்துவிட்டேன்.

கந்தப்பன் கங்காணி விடுவாரா? "என்னா வாத்தியாரம்மா, கம்பளி கிழியலையாக்கும்?"

"நனஞ்ச கம்பளி கிழியாதுங்க" என்றேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

மீனாட்சி என் கைவேலை. இதை இந்தக் கொப்பியில் மட்டும் எழுதுகிறேன். மூன்று வருசத்துக்கு முன்னால், கதை தொடங்கிய வாரத்துப் பத்திரிகை எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. இவனுக்குத் தாய் தகப்பன் இல்லையா என்று ராசம்மா கேட்டாள். ஒருவன் இருந்தால் தாய் ஒருத்தி இருக்கத்தானே வேண்டும்? இருக்கிறாள், தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள் என்றேன். அன்றிலிருந்து வாரா வாரம் அவள் வந்தாக வேண்டியிருக்கிறது. படத்தில் காணோமே என்று கேட்டால், உள்ளே அடுப்படியில் இருக்கிறாள் என்பேன்.

எங்கள் லயத்தில் என் வயதுப் பெண்களில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு. அந்தக் காலத்து ஐந்து இந்தக் காலத்து எட்டுக்குச் சமம். இதை வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்வது. ஊர்க் கடுதாசிகளை வாசிப்பதும் நான்தான். கந்தப்பன் கங்காணிக்கு அவர் மகன் துறையூரிலிருந்து எழுதுவது உட்பட.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்றைக்குத் தாள் முழுசாக வந்தது. வந்திருக்க வேண்டாம்.

கதைக்குக் கீழே ஓர் அறிவித்தல். 29ஆம் தேதி அட்டனில் சூறாவளிச் சுந்தரம் வாசகர் பெருவிழா. படம் வரைகிறவர் கொழும்பிலிருந்து வருகிறாராம். மாறுவேடப் போட்டியும் உண்டாம், கதையில் வருகிற யாராகவும் வரலாமாம். பெரிய இவள் மாதிரி சத்தம் போட்டு முழுசையும் வாசித்துவிட்டேன். வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

பேத்தி லெட்சுமி எழுந்து நின்றாள். "அப்பாயி, நான் மீனாச்சியாப் போறேன்!"

வாசலே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டாமல் என்ன செய்ய?

செப்டம்பர் 9, திங்கள்

கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் இன்றைக்கு வேலை ஓடவில்லை. இரண்டு குழந்தைகளைத் தொட்டில் மாற்றிப் போட்டுவிட்டேன். தாய்மார் வந்து சிரித்துக்கொண்டே மாற்றி எடுத்துப் போனார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

தோட்டப் பள்ளிக்கூடத்து துரைராசா மாஸ்டர் யாழ்ப்பாணத்து மனுசர். எல்லாத் தாளையும் ஒன்று விடாமல் தைத்து வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

"சுந்தரத்தின்ரை தாயோ? அவ முதல் கிழமையே செத்துப்போனா, ஆச்சி. கப்பல் கடலுக்குள்ளை தாண்டது. பெடியனைக் கலங்கரை விளக்கத்துக் கிழவன்தான் வளத்தவன். இஞ்ச பாருங்கோ."

பார்த்தேன். முதல் படத்திலேயே ஒரு பெண்ணின் கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. என் மீனாட்சி மூன்று வருசமாக ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கே முதல் கட்டத்திலேயே ஆளைக் காணோம்.

"தாய் உயிரோட இருக்கிறா எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"யாரோ கடைவீதியில பேசிக்கிட்டாங்க மாஸ்டர்" என்றேன். பொய்க்கு மேல் பொய்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மீனாட்சியைச் சாகடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். செத்தவள் வேசத்தை யார் போடுவார்கள்?

முதலில் காய்ச்சல் வரவைத்தேன். சுந்தரம் குதிரையில் மருந்து தேடிப் போகிறான் என்றேன். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ராசம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா மாரியம்மா, மீனாச்சி எந்திரிச்சிட்டா ஒனக்கு மாவிளக்கு போடுறேன்" என்று நேர்ந்துகொண்டாள். கதையில் வருகிறவளுக்கு மாவிளக்கு! அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. மருந்து குடித்தாள், எழுந்துவிட்டாள் என்று முடித்தேன்.

அப்புறம் லெட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டு, கதையில் வருகிற ராணி வேசம் போடேன், என் கலியாணப் பட்டுச் சேலையைத் தருகிறேன் என்றேன்.

"அந்த ராணி என்னா செஞ்சுட்டா, சும்மா கத்துறா. மீனாச்சி இல்லாட்டி சுந்தரம் எத்தன தடவ செத்திருப்பான், சொல்லுங்க பாப்போம்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் மீனாட்சியைப் புகழப் புகழ எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. அதுதான் உண்மை. சொல்லவில்லை.

செப்டம்பர் 21, சனி

முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது, நான் வந்தால்தானே நீ போகலாம் என்று லெட்சுமியிடம் சொல்லிப் பார்த்தேன். கந்தப்பன் கங்காணி எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றார். "வாத்தியாரம்மா இல்லாம நம்ம ஆளுக போனா மரியாதையா? தூக்கிட்டாவது போவோம்." எண்ணெய் நல்ல காரம். இல்லாத வலி வந்துவிட்டது.

செப்டம்பர் 30, திங்கள்

நேற்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

பதினோரு பேர் பஸ்ஸில் அட்டன் போனோம். மண்டபத்துக்குள் எங்கே பார்த்தாலும் சுந்தரம். எண்ணினேன், இருபத்தேழு பேர். கறுப்பு முகமூடி, தேயிலைப் பெட்டி ஈயத்தாளில் வெட்டிய பளபளக்கும் இடுப்புப் பட்டி. அவசரத்துக்கு வெளியே போன சுந்தரங்கள் பட்டியை அவிழ்க்கத் தெரியாமல் வரிசையில் நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். பொகவந்தலாவையிலிருந்து அண்ணன் தம்பி இருவர் குதிரையாக வந்திருந்தார்கள். ஏதோ கோபத்தில் பின்கால் தனியாகப் போய் வடை தின்றுகொண்டிருந்தது.

படம் வரைகிறவர் மேடையில் உட்கார்ந்திருந்தார். மலையைத் தாண்டுகிற ஆளை வரைகிறவர் அப்படி இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியான மனுசர், கழுத்தில் துணி, ஓயாத இருமல்.

முப்பத்தோராவதாக லெட்சுமியைக் கூப்பிட்டார்கள். தலையில் கம்பளி, முதுகில் கொழுந்துக் கூடை, கையில் ரொட்டிப் பொட்டலம். நடுவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"சுந்தரத்தோட அம்மாங்க."

மண்டபம் சிரித்தது. பிள்ளை அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தி, நான் வாசித்துக் கேட்ட மாதிரியே பேசினாள். "டேய் சுந்தரம்! ரொட்டியத் தின்னுட்டுப் போடா! கருநாகன் எங்கயும் ஓடிற மாட்டான். ஒன்னையப் பிடிக்கத்தானே அவனும் சம்பளம் வாங்குறான்!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவர் கையை உயர்த்தினார். "சுந்தரத்துக்கு அம்மா கிடையாதும்மா. முதல் வாரமே இறந்துட்டாங்க. கதை படிக்காம வரலாமா?"

லெட்சுமியின் முகம். அவள் மேடையிலிருந்து என்னைத் தேடினாள். கோபமில்லை. அப்பாயி எழுந்து இந்த மனுசருக்குச் சரியாகச் சொல்லுவாள் என்கிற பார்வை.

எந்திரிச்சேன். எப்படி எந்திரிச்சேன்னு தெரியல. "ஐயா! அந்தப் பிள்ள மேல தப்பில்லீங்க. தாளு கிழிஞ்சு வரும். கிழிஞ்ச எடத்துக்கு நானாச் சொன்னேன். அம்மாவ நான்தான் வச்சேன். அவள ஏசாதீங்க." இருபத்தேழு முகமூடியும் என் பக்கம் திரும்பியது.

பரிசு குதிரைக்குப் போனது. பின்கால் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. படம் வரைகிறவர் மட்டும் போகும்போது எங்களிடம் வந்து, அந்த ரொட்டி நிஜமா என்று கேட்டார். லெட்சுமி கொடுத்தாள். நின்றபடியே தின்றுவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. ராசம்மா மட்டும், மாவிளக்கைப் போட்டுவிட்டேனே என்று முனகினாள். நோர்வூட் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கந்தப்பன் கங்காணி திரும்பினார். இந்தத் தடவை வாத்தியாரம்மா என்று சொல்லவில்லை.

"அப்ப எம் மகன் கடுதாசி?"

அக்டோபர் 2, புதன்

கங்காணி தன் கடுதாசி எல்லாவற்றையும் துணியில் முடிந்துகொண்டு மாஸ்டரிடம் போயிருக்கிறாராம். திரும்ப வாசிக்கக் கேட்க.

எழுத்துக்கு எழுத்துத்தான் வாசித்தேன். மழையில்லை என்றால் மழையில்லை, மாடு செத்தது என்றால் மாடு செத்தது. ஆனால் அந்தப் பையன் கடைசியில் 'இப்படிக்கு' என்று மொட்டையாக முடித்துவிடுவான். கிழவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் நானாக ஒரு வரி. ஒரே ஒரு வரி. 'அப்பாவை நினைக்காத நாளில்லை.' எல்லாக் கடுதாசிக்கும் அதே வரி.

கதையில் பொய் சொன்னேன், அது போகட்டும். இதற்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வேன்?

லெட்சுமி பேசுகிறாள். சாப்பிடுங்க, தண்ணி இருக்கு. அவ்வளவுதான்.

அக்டோபர் 5, சனி

பிள்ளைக் காம்பரா வாசலில் கங்காணி வந்து நின்றார். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அதில் பிள்ளை இல்லை.

"மாஸ்டரு வாசிச்சாரு."

"ம்."

"எல்லாம் நீங்க வாசிச்ச மாதிரிதான். ஆனா ஒண்ணு, அந்த மனுசன் கடசி வரிய முழுங்கிப்புடுறாரு. எல்லாக் கடுதாசியிலயும். படிச்சவர்தான், என்னா அவசரமோ."

நிமிர்ந்து பார்த்தேன். கிழவர் முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நிஜமாகவே அப்படி நினைக்கிறாரா, இல்லை— தெரியவில்லை. ஒரு புதுக் கடுதாசியை நீட்டினார். வாசித்தேன். 'இப்படிக்கு' வந்ததும் நிறுத்தினேன். அவர் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அந்த வரியையும் வாசித்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

மாஸ்டரிடம் முழுத் தாளை இரவல் வாங்கி, உள்ளதை உள்ளபடி வாசித்தேன். 'கடலில் ஒரு கப்பல். சுந்தரம்: ஆ! கருநாகன்: ஹா ஹா.' அவ்வளவுதான். கால் மணி நேரம் கூட ஆகவில்லை. "முடிஞ்சிருச்சா?" என்று ராசம்மா கேட்டாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் தூங்கினார்கள். லெட்சுமி நடுவில் மெதுவாக, "இந்த மழையில வெறும் வயித்தோட கப்பல்ல ஏறுறான் பாருங்க" என்றாள். தாளில் இருப்பதைத்தான் வாசிப்பேன் என்றேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டார். பொன்னையா அண்ணன் தாளும் கருவாட்டில் சுற்றித்தான் வந்தது, கங்காணி வீட்டுக் கருவாட்டில். பிரித்தால், கதைப் பக்கத்துக்கு நட்ட நடுவில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. கப்பல் இருக்கிறது, சுந்தரம் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் முழங்கால் வலியையும் மறந்து கடைவீதிக்கே இறங்கிப் போய்விட்டேன்.

"என்னைய ஏசாதீங்க" என்றார் பொன்னையா அண்ணன். "ஒங்க தாள நான் பத்திரமாத்தான் எடுத்து வச்சிருந்தேன். கங்காணி வெள்ளனயே வந்துட்டாரு. வேற தாளு வேணாம், இந்தப் பக்கத்துலயே சுத்துங்கன்னு நின்னு சுத்த வச்சாரு. ஓட்ட நான் போடலீங்க. அவரு விரலால போட்டுக்கிட்டாரு."

மேட்டில் ஏறித் திரும்பி வந்தேன். வாசல் நிறைய ஆள். லெட்சுமி எனக்கு மணையைப் போட்டு வைத்திருந்தாள். கங்காணி முன்வரிசையில், ஒன்றும் தெரியாத முகத்தோடு.

"என்னா வாத்தியாரம்மா, தாளு கிழிஞ்சு போச்சாமே?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். மீனாட்சி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.