காதில் வைத்த குழாய்

மார்ச் 4, செவ்வாய்

எழுந்திருக்கத் தாமதம். கைக்கடிகார அலாரம் இன்றும் அடிக்கவில்லை. போன மாதம்தான் பேட்டரி மாற்றினேன். இப்போது வருகிற பொருள் எல்லாமே இப்படித்தான்.

என் மெக்கானிக் ஷெட்டுக்கு நர்ஸம்மாவின் கார் வந்திருக்கிறது. சிக்னலில் நின்றால் வண்டி நடுங்குகிறதாம். ஓட்டிப் பார்த்தேன். வேகத்தில் குறை சொல்ல முடியாது. எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைத்தால்தான் ரேஸ் தானாக ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஃபில்டர் வழியாக வர வேண்டிய காற்று வேறு எங்கேயோ ஓர் ஓட்டை வழியாக உள்ளே போனால் இப்படித்தான் தள்ளாடும். திருட்டுக் காற்று என்பேன் நான்.

"ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தமும் வருதுண்ணா."

"அது ஏசி சத்தமா இருக்கும்மா."

மார்ச் 5, புதன்

ஹோஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு முழ ரப்பர் குழாய். ஒரு முனை காதில். மறுமுனையை எஞ்சினில் ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் கொண்டுபோனால், ஓட்டை இருக்கும் இடத்தில் காதுக்குள் சீறும். முப்பது வருடமாக இதுதான் என் முறை. நர்ஸம்மா நின்று பார்த்துவிட்டு, "எங்க டாக்டருக்கும் உங்களுக்கும் வெள்ளைக் கோட்டு ஒண்ணுதான் வித்தியாசம்ணா," என்று சிரித்தார்.

எங்கேயும் சீறவில்லை. அப்படியென்றால் கோளாறு காற்றில் இல்லை, பெட்ரோலைப் பற்றவைக்கிற நெருப்புப் பொறியில்தான். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் இரண்டையும் மாற்ற வேண்டும்.

ஷெட்டில் கூட வேலை செய்யும் மச்சினன் புதிதாக வாங்கிய புகைப் பெட்டியோடு வந்து நின்றான். புகையை எஞ்சினுக்குள் ஊதினால் ஓட்டை வழியாக வெளியே வருமாம். "ஒரு தடவ விட்டுப் பாத்துடலாமே மாமா?" என்றான். இங்க என்ன கொசு விரட்டவா கூப்பிட்டாங்க என்றேன். முகம் சுருங்கிப் போனான்.

மார்ச் 8, சனி

நர்ஸம்மாவின் கார் கொடுத்தாயிற்று. புது பிளக் போட்டதும் நடுக்கம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. "அந்தச் சத்தம் இன்னும் வருதேண்ணா," என்றார். உங்க மனசுல பயம் பூந்துடுச்சும்மா, வண்டி தங்கம் என்று சாவியைக் கையில் வைத்தேன். நோட்டில் எழுதியது: ஏர் லீக் இல்லை. பிளக், காயில் புதிது.

மார்ச் 11, செவ்வாய்

நர்ஸம்மா போன் செய்தார். முச்சந்தியில் வலதுபக்கம் திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. எதிரே வந்த வேன் பின்கதவில் உரசி நின்றிருக்கிறது. பின் சீட்டில் அவருடைய அப்பா. கண் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். பெரியவருக்கு ஒன்றுமில்லையாம்.

நர்ஸம்மா கத்தவில்லை. நாலு வார்த்தை கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 12, புதன்

வண்டி இழுத்து வரப்பட்டது. மச்சினனைப் பார்த்தேன். அவன் பெட்டியைக் கொண்டுவந்து புகை விட்டான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத மடிப்பில், ஒரு ரப்பர் இணைப்பிலிருந்து மெல்லிய கோடாகப் புகை எழும்பியது. நகத்தளவு வெடிப்பு.

எஞ்சினை ஓட விட்டான். "அடேயப்பா! பெட்டியே வேண்டியதில்ல மாமா. இந்தச் சீறு சீறுது."

ஆமாடா என்றேன்.

அவன் டீ குடிக்கப் போனதும் என் ஹோஸைக் காதில் வைத்து மறுமுனையை வெடிப்பின் மேலேயே பிடித்தேன். ஒன்றுமில்லை. குழாய் அடைத்திருக்குமோ என்று வாயில் வைத்து ஊதினேன். காற்று நன்றாகத்தான் போகிறது. மறுபடி வைத்தேன். எஞ்சினின் தடதடப்பு கேட்கிறது. சீற்றம் இல்லை.

மார்ச் 13, வியாழன்

மாலை ஏழு மணிக்கு அலாரம் வைத்து, கடிகாரத்தைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முள் ஏழைத் தாண்டியது. சத்தம் இல்லை. சமையலறையிலிருந்து மனைவி, "ஏங்க, அதை அமுக்கித் தொலைங்களேன்! காலையில படுத்துற பாடு போதாதா?" என்றாள்.

"காலையிலயும் அடிக்குதா?"

"தினமும்தான் அடிக்குது. அஞ்சரைக்கு நான்தானே எழுந்து அமுக்குறேன்."

"ஏன் சொல்லல?"

"வேலை அசதி, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்னு விட்டுடுவேன்."

கடிகாரத்துக்கு மூன்று தடவை பேட்டரி மாற்றியிருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

வேலை ஓடவில்லை. இந்தக் காதை வெச்சுத்தானேடா இத்தனை வருஷம் பொழச்சேன்? மத்தவன் மிஷின் வாங்கும்போதெல்லாம் நக்கல் பண்ணினேனே. அந்தப் பொண்ணு ரெண்டு தடவ சொல்லுச்சு. ரெண்டு தடவ! வயசானவர் உள்ள உக்காந்திருந்தாரு. வேன்காரன் கொஞ்சம் அசந்திருந்தா...

ஷெட் நோட்டைப் புரட்டினேன். ஒரு வருடத்தில் 'ஏர் லீக் இல்லை' என்று நான் எழுதிய வண்டிகள் ஏழு. எல்லாம் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மச்சினனைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். நக்கலுக்குப் பதில் நக்கல் வரும் என்று எதிர்பார்த்தேன். அவன் நோட்டை வாங்கி, "நம்பரைச் சொல்லுங்க மாமா, நான் போன் போடுறேன்," என்றான்.

மார்ச் 15, சனி

நர்ஸம்மா வண்டி எடுக்க வந்தார். பாதிப் பழியை நான் காதில் வைக்கிற ஹோஸ் மேல் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. போடவில்லை. தப்பு என்னுதுதாம்மா, எனக்குக் காது கேக்கல, அது தெரியாம உங்களைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டேன் என்றேன்.

வண்டியைச் சுற்றி வந்து பின்கதவைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நான் சொன்னப்பவே அந்த ஹோஸை என் கையில குடுத்திருக்கலாமேண்ணா," என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட.

போகும்போது, "திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு எங்க ஆஸ்பத்திரியில காது டாக்டர் இருப்பார். வாங்க. வரலைன்னா நான் வேற ஷெட் பாத்துக்குறேன்," என்றார். மிரட்டலா அக்கறையா என்று புரியவில்லை. இரண்டுமாக இருக்கும்.

மார்ச் 17, திங்கள்

கண்ணாடி வைத்த சின்ன அறை. காதில் ஹெட்போன், கையில் பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அமுக்கினேன், அமுக்கினேன், பரவாயில்லையே என்று நினைத்தேன். பிறகு சத்தமே வரவில்லை. மிஷின் நின்றுவிட்டது போலிருக்கிறது, சோதிக்கிற ஆள் கவனிக்கவில்லை என்று கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

கீச்சென்ற சத்தங்கள் போய்விட்டன. பேச்சும் எஞ்சின் முழக்கமும் ஓரளவு பாக்கி இருக்கின்றன. காரணம் ஷெட்டில் இத்தனை வருடம் காதருகே அலறிய ஏர் கன்னும், இரும்பு தேய்க்கிற கிரைண்டரும். காதுக்கருவி வரும்வரை பொறுக்க வேண்டும்.

மார்ச் 22, சனி

ஏழு வண்டியும் வந்து போயின. புகையில் இரண்டு மாட்டின. ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி. இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கருவி வந்துவிட்டது. செய்தித்தாளைப் புரட்டினால் காதுக்குள் முறுக்கு நொறுங்குகிறது. தூங்கும்போது கழற்றிவிட வேண்டுமாம், ஆகவே அலாரம் இப்போதும் எனக்குக் கேட்கப்போவதில்லை. அதை எடுத்தே விட்டேன். இன்று இரண்டு பேரும் ஏழு மணி வரை தூங்கினோம். தாமதமாகிவிட்டது என்று மனைவி என்னைத் திட்டியதில் ஓர் எழுத்து விடாமல் கேட்டது.

ஏப்ரல் 9, புதன்

நர்ஸம்மா ஆயில் மாற்ற வந்தார். வேறு ஷெட் பார்க்கவில்லை. பெரியவரும் வந்திருந்தார், முன் சீட்டில். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓட விட்டேன். கருவியைப் போட்டுக்கொண்டு கேட்டேன். சுத்தமாக இருந்தது.

இருந்தாலும் ஹோஸைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு முனையைக் காதில் வைத்துக் குனிந்து, ஒவ்வோர் இணைப்பாகப் போனார். நாடி பார்க்கிறவர் அவசரப்படமாட்டார் போல. மேனிஃபோல்டுக்கு அடியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். நான் டார்ச்சை அங்கே பிடித்தேன்.

"இல்லண்ணா, எங்கேயும் இல்ல," என்றார்.

நோட்டில் எழுதியது: ஏர் லீக் இல்லை. காது வைத்துப் பார்த்தவர், நர்ஸம்மா.